மொராக்கோ செல்லும் வணிகர் கவனத்திற்கு

அந்நிய தேசத்துக் கடைவீதியில் ஒரு மளிகைக் கடைக்காரர் ஏமாந்து திரும்பினால் ஊரில் கிடைக்கும் சிரிப்பு இரட்டிப்பாக இருக்கும். "வியாபாரமே தொழிலாக வைத்திருப்பவருக்கா இந்தக் கதி?" என்பார்கள். ஆனால் வெளிநாட்டுச் சந்தையில் பணத்தை விடுகிறவர்களில் வியாபாரம் தெரிந்தவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்பதல்ல. நம் கடையில் உள்ள வழக்கமே அங்கும் செல்லும் என்று நினைத்துவிடுவதுதான் காரணம்.

வட ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் உள்ள மொராக்கோ நாட்டுக்குச் சுற்றுலாவாகவும் தொழில் நிமித்தமாகவும் நம்மவர்கள் போய் வருகிறார்கள். உர வியாபாரம் செய்யும் நண்பர்களுக்கு அந்த நாடு புதிதல்ல. நம் நாட்டு உர ஆலைகளுக்கு வேண்டிய பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் அங்கிருந்து பெருமளவில் வருகின்றன. தலைநகர் ரபாத். பெரிய வணிக நகரம் காசாபிளாங்கா. பழைய கடைவீதிகளுக்குப் பேர்போனவை ஃபெஸ், மராகேஷ். அங்கே போகிறவர் கையில் உள்ள காசும் மனதில் உள்ள நிம்மதியும் குறையாமல் திரும்பி வரத் தேவையான குறிப்புகளை இங்கே தருகிறோம்.

புறப்படும் முன்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா அவசியம். 2022 முதல் மின்னணு விசா முறையும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை; ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பே டில்லியிலுள்ள மொராக்கோ தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருப்பது நல்லது.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், அபுதாபி, தோஹா போன்ற வளைகுடா நகரங்கள் வழியாகப் போகிறவர்களே அதிகம். இங்கே மளிகைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கசகசா வளைகுடா நாடுகளில் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட சரக்கு. வீட்டில் அரைத்த மசாலாவிலோ பலகாரத்திலோ அது கலந்திருந்தாலும் வழியில் சிக்கல் வரும். நம் கடையில் கிலோ கணக்கில் விற்கும் பொருள்தானே என்ற அலட்சியம் கூடாது.

மொராக்கோவில் மின்சாரம் நம்மைப் போலவே 220 வோல்ட். இரண்டு முள் கொண்ட சிறிய பிளக் பொருந்தும்; நம் மூன்று முள் பிளக் பொருந்தாது. ட்ரோன் எனப்படும் பறக்கும் காமிராவை அனுமதியின்றிக் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். கோடையில் மராகேஷில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் அதே ஊரில் இரவில் கம்பளி வேண்டும். மார்ச் முதல் மே வரையிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் போவது உத்தமம்.

பணக் கணக்கு

மொராக்கோவின் நாணயம் திர்ஹம். ஒரு திர்ஹத்துக்கு 100 சென்டைம். 2025-ல் ஒரு திர்ஹம் எட்டரை ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் இடையில் இருந்தது. புழக்கத்தில் உள்ள நோட்டுகள் 20, 50, 100, 200.

இந்த நாணயத்தை நாட்டுக்கு வெளியே தாராளமாக மாற்ற முடியாது. எல்லை தாண்டி எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட அளவு 2,000 திர்ஹம்தான். எனவே மொத்தமாக மாற்றிவிட்டுக் கடைசி நாளில் கட்டுக்கட்டாக மிச்சம் வைத்துக்கொண்டு முழிக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு போக வேண்டும். மாற்றிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் மிச்சத்தைத் திரும்ப யூரோவாகவோ டாலராகவோ மாற்ற வசதிப்படும். நம் ரூபாய் நோட்டை அங்கே நம்ப வேண்டாம். யூரோ அல்லது டாலர் எடுத்துச் செல்லுங்கள். இங்கிருந்து ரொக்கமாக அந்நியச் செலாவணி வாங்க ரிசர்வ் வங்கி விதித்துள்ள வரம்பு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர். மீதியை அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். அட்டையில் பணம் செலுத்தும்போது "ரூபாயில் கணக்கிடவா?" என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம், திர்ஹத்திலேயே கணக்கிடு என்று அழுத்துவதே லாபம்.

பலரைக் குழப்புவது ரியால் கணக்கு. நம் நாட்டில் 1957-ல் நயா பைசா வந்த பிறகும் பல்லாண்டு காலம் "நாலணா, எட்டணா" என்று பேசி வந்தோம் அல்லவா? மொராக்கோவிலும் அதுதான் நடக்கிறது. 1960-ல் 100 பிராங்குக்கு ஒரு திர்ஹம் என்று புது நாணயம் வந்தது. பழைய ரியால் 5 பிராங்குக் கணக்கு. ஆகவே 20 ரியால் சேர்ந்தது ஒரு திர்ஹம். ரியால் என்ற காசு இன்று கிடையாது; வாய்க்கணக்கில் மட்டும் வாழ்கிறது. காய்கறிச் சந்தையிலும் கிராமங்களிலும் வயதானவர்கள் "நூறு ரியால்" என்றால் 5 திர்ஹம் என்று பொருள். "ஆயிரம் ரியால்" என்றால் 50 திர்ஹம். பல ஆண்டுகள் சாதாரண வட்ட ரொட்டி 1.20 திர்ஹத்துக்கு விற்றது; அதையே அவர்கள் 24 ரியால் என்பார்கள். இது தெரியாதவர் நூறு ரியால் பொருளுக்கு நூறு திர்ஹம் நோட்டை நீட்டிவிட்டு நகர்ந்தால், கொடுத்தது இருபது மடங்கு. எந்தத் தொகை சொன்னாலும் "திர்ஹமா, ரியாலா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அல்லது கால்குலேட்டரில் அழுத்திக் காட்டச் சொல்லலாம். அங்கே நாம் எழுதும் 1, 2, 3 எண்களையே எழுதுகிறார்கள் என்பதால் படிப்பதில் சிரமம் இல்லை. 12,50 என்று கமா போட்டு எழுதியிருந்தால் அது பன்னிரண்டரை திர்ஹம். பிரெஞ்சு முறைப்படி அங்கே புள்ளிக்குப் பதில் கமா.

சில்லறைக்கு அங்கே மரியாதை அதிகம். 200 திர்ஹம் நோட்டை டாக்சியிலோ தேநீர்க் கடையிலோ நீட்டினால் பாக்கி கிடைக்காது. காலையில் பெரிய கடையில் நோட்டை உடைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். தேநீர் கொண்டுவரும் பையன், வண்டியைப் பார்த்துக்கொள்பவர், கழிப்பறை காப்பவர் ஆகியோருக்கு ஒன்றிரண்டு திர்ஹம் கொடுப்பது வழக்கம்.

விலை கேட்பதும் விலை சொல்வதும்

எல்லாவற்றுக்கும் பேரம் பேசும் நாடு என்று நினைப்பது தவறு. ரொட்டி, மருந்து, ரயில், பஸ், பலகையில் விலை எழுதிய ஓட்டல் ஆகியவற்றில் பேரம் கிடையாது. மளிகைக் கடையில் அன்றாடச் சாமான்களுக்கும் பேரம் பேசினால் கடைக்காரர் முகம் சுளிப்பார். நம் கடையில் ஒருவர் உப்புப் பாக்கெட்டுக்குப் பேரம் பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? கம்பளம், தோல் பொருள், பித்தளை விளக்கு, வெள்ளி நகை, மண்பாண்டம் ஆகியவற்றில்தான் பேரம்.

கடைவீதிக்கு அங்கே 'சூக்' என்று பெயர். சூக்கில் பேரம் பேசுகிறவருக்கு "சொன்னதில் பாதியில் தொடங்கு" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது உதவாத யோசனை. ஒருவர் நியாய விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துச் சொல்வார். இன்னொருவர் நாலு மடங்கு சொல்வார். முதல்வரிடம் பாதி கேட்டால் அவமதிப்பு; இரண்டாமவரிடம் பாதி கொடுத்தாலும் நஷ்டம். எனவே பொருளின் பெறுமானத்தை முதலில் அறிய வேண்டும். பெரிய நகரங்களில் அரசு ஆதரவில் நடக்கும் கைவினைக் கூடங்கள் உண்டு. 'ஆன்சாம்பிள் ஆர்ட்டிசனல்' என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள். அங்கே விலை எழுதி வைத்திருக்கும், வற்புறுத்தல் இருக்காது. முதல் நாள் அங்கே போய் விலைகளைக் குறித்துக்கொண்டு மறுநாள் சூக்குக்குப் போங்கள். உணவுப் பொருளுக்கு மர்ஜான் போன்ற பெரிய அங்காடியில் விலை பார்த்துக்கொள்ளலாம்.

பேரத்தில் மறக்கக் கூடாத விதி ஒன்றுதான். நாம் ஒரு தொகையைச் சொல்லி அவர் ஒப்புக்கொண்டால் நாம் வாங்கியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு "சும்மா கேட்டேன்" என்று நடையைக் கட்டுவது அங்கே வாக்குத் தவறியதற்குச் சமம். தகராறுகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் வாயிலிருந்து எண் வரக் கூடாது. "உங்கள் விலை என்ன, நீங்களே சொல்லுங்கள்" என்று கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்பார். சிரித்துக்கொண்டே "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லி விலகலாம். அவர் கொடுக்கும் புதினாத் தேநீரைக் குடித்துவிட்டதால் வாங்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. அது உபசாரம். "பிஷ்ஹால்?" என்றால் என்ன விலை; "காலி" என்றால் அதிக விலை; "சாஃபி" என்றால் போதும், முடிந்தது. இந்த நாலு சொல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நடுவில் வருபவர்

ஃபெஸ் நகரின் பழைய பகுதி ஆயிரக்கணக்கான சந்துகளால் ஆனது. 1981-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வழி தேடி நிற்பவரிடம் ஒருவர் வந்து "இந்த வழி அடைத்திருக்கிறது, நான் கூட்டிப் போகிறேன்" என்பார். அல்லது "தோல் பதனிடும் இடத்தை இன்று மட்டும்தான் பார்க்க முடியும்" என்பார். அவர் கூட்டிப் போவது ஒரு கடைக்கு. அங்கே நாம் வாங்கும் பொருளின் விலையில் அவருடைய தரகும் சேர்ந்திருக்கும். தரகு என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் மண்டியில் தரகு எவ்வளவு என்பது இரு தரப்புக்கும் தெரியும். அங்கே வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

வழிகாட்டி வேண்டுமானால் அரசு அங்கீகார அட்டை அணிந்தவரைத் தங்கும் விடுதி மூலம் ஏற்பாடு செய்து, கூலியையும் நேரத்தையும் முன்பே பேசிவிட வேண்டும். கடைகளுக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். மராகேஷின் ஜெமா எல் ஃப்னா மைதானத்தில் பாம்பாட்டி, குரங்காட்டி ஆகியோரைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். தொகையை முதலில் பேசுங்கள், அல்லது படம் எடுக்காதீர்கள். கையைப் பிடித்து மருதாணி இடத் தொடங்குபவர்களிடம் பெண்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கறுப்பு மருதாணி என்பதில் ரசாயனச் சாயம் கலந்திருக்கும், தோலைப் புண்ணாக்கிவிடும்.

சரக்குப் பார்த்து வாங்க

நம் கண்ணுக்கு அங்கே முதலில் படுவது மசாலாக் கடைதான். கூம்பு கூம்பாக மஞ்சளும் சிவப்பும் குவித்து வைத்திருப்பார்கள். அழகுக்காக வெயிலிலும் காற்றிலும் திறந்து கிடக்கும் தூளில் வாசனை எத்தனை நாள் நிற்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழுச் சரக்காக வாங்க வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் நின்று வாங்கும் கடையில் வாங்க வேண்டும்.

'ராஸ் எல் ஹனூத்' என்று ஒரு மசாலாக் கலவை உண்டு. 'கடையின் தலை' என்று அதற்குப் பொருள். கடையிலுள்ள சரக்குகளில் சிறந்ததைச் சேர்த்தது என்பது கருத்து. ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு கைப்பக்குவம். முகர்ந்து பார்த்து வாங்கலாம்.

குங்குமப்பூவுக்குப் புகழ்பெற்றது தெற்கிலுள்ள தாலியூயின். ஒரு கிராம் பூவிழைக்குச் சுமார் 150 பூக்கள் வேண்டும். எனவே மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது குங்குமப்பூ அல்ல, குசும்பாப்பூ என்று கொள்ளலாம். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு இழை போட்டுப் பாருங்கள். அசல் சரக்கு மெல்ல மெல்லப் பொன்னிறம் விடும். இழை சிவப்பாகவே இருக்கும். சாயம் ஏற்றியது உடனே நிறம் விட்டு இழை வெளுக்கும். தூளாக வாங்கவே கூடாது.

ஆர்கன் எண்ணெயில் இரண்டு வகை. வறுத்த பருப்பில் எடுத்தது சாப்பிட. நிறம் அடர்த்தி, வேர்க்கடலை போன்ற வாசனை. வறுக்காத பருப்பில் எடுத்தது மேனிக்கும் கூந்தலுக்கும். ஒரு லிட்டருக்குச் சுமார் 30 கிலோ காய் தேவைப்படுவதால் சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் பாட்டிலில் வேறு எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பேரீச்சையில் மெஜ்ஹூல் ரகம் தஃபிலால்த் பகுதியின் பெருமை. பெரியது, சதைப்பற்றுள்ளது, நாள்பட நிற்கும்.

சாம்பிள் என்று விதையோ நாற்றோ மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டாம். அதற்குத் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும். விற்பனைக்காகச் சரக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் இறக்குமதியாளர் எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் பெற்று முறைப்படி எடுக்க வேண்டும். பயணப் பெட்டியில் வருவது வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே.

அங்குள்ள மளிகைக் கடை

தெருவுக்குத் தெரு உள்ள சிறு கடையை 'ஹனூத்' என்பார்கள். ரொட்டி, எண்ணெய், தேயிலை, சோப்பு எல்லாம் ஒரே கவுண்டருக்குப் பின்னால் அடுக்கியிருக்கும். கூம்பு வடிவில் காகிதம் சுற்றிய 2 கிலோ சர்க்கரைக் கட்டி அங்குள்ள கடைகளுக்கே உரிய காட்சி. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் அதைக் கொண்டுபோவது மரபு. தேயிலை சீனத்திலிருந்து வரும் உருண்டைப் பச்சைத் தேயிலை.

இக்கடைகளை நடத்துவதில் பேர் வாங்கியவர்கள் தெற்கே சூஸ் பகுதியைச் சேர்ந்த பெர்பர் இனத்தவர். தஃப்ராவுத் பக்கத்து வறண்ட மலைக் கிராமங்களிலிருந்து காசாபிளாங்காவுக்குப் போய்க் கடையிலேயே படுத்து எழுந்து, சேர்த்த பணத்தில் சொந்த ஊரில் வீடு கட்டியவர்கள். பிழைப்புக்காக ஊர் விட்டுப் போய்க் கடை வைத்த நம்மவர் வாழ்க்கைதான் அதுவும். அவர்களிடமும் கடன் நோட்டு உண்டு. மாதச் சம்பளம் வந்ததும் வந்து அடைக்கும் வாடிக்கைக்காரர்கள் உண்டு. 2009-ல் துருக்கி நாட்டு மலிவு விலைச் சங்கிலிக் கடையான பிம் அங்கே நுழைந்து ஊர் ஊராகக் கிளை பரப்பியது. பெரிய முதலுக்கு முன்னால் சிறு கடைக்காரருக்குத் துணை அந்த நோட்டும் முகத் தாட்சண்யமும்தான். தண்ணீர் பாட்டில் வாங்குவதானால் இவர்கள் கடையில் வாங்குங்கள். இரண்டு நிமிடம் நின்று வியாபாரம் நடப்பதைப் பார்த்தால் நமக்கும் ஏதாவது படியும்.

துணிப்பை ஒன்று கையில் இருக்கட்டும். 2016 ஜூலை முதல் அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. நம் மாநிலத்தில் அது 2019 ஜனவரியில்தான் வந்தது.

சாப்பாடும் தண்ணீரும்

சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறிக் குஸ்குஸ் என்று வருவதும் இறைச்சிச் சாற்றில் வெந்ததாக இருக்கலாம். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி சேரும். "ப்லா ல்ஹம்" (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லுங்கள். 'பெஸ்ஸாரா' என்ற பயற்றுக் கஞ்சி, 'ஸாலுக்' என்ற கத்தரிக்காய் மசியல், 'அதஸ்' என்ற மைசூர்ப் பருப்பு வகை, ரொட்டி, ஆலிவ், ஆரஞ்சுச் சாறு ஆகியவை தாராளமாகக் கிடைக்கும். தண்ணீர் பாட்டில் மூடியின் முத்திரை உடையாதிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பொதுத் தட்டில் சாப்பிடும்போது வலது கையால், தன் பக்கத்திலிருந்து மட்டும் எடுப்பது மரியாதை.

போக்குவரத்து

நகருக்குள் ஓடும் சிறு டாக்சியில் மூன்று பேர்தான் ஏறலாம். மீட்டர் உண்டு, ஏறியதும் போடச் சொல்ல வேண்டும். இரவில் மீட்டருக்கு மேல் பாதி கூடுதல். வழியில் வேறு ஆளை ஏற்றிக்கொண்டால் அது அங்கே வழக்கம். ஊருக்கு ஊர் போகும் பெரிய டாக்சி ஆறு இருக்கை நிரம்பினால் புறப்படும். அவசரமானால் மீதி இருக்கைகளுக்கும் நாமே காசு கொடுத்துக் கிளம்பலாம். கட்டணத்தை வரிசையில் நிற்கும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ரயில் வசதி திருப்தியானது. 2018-ல் தொடங்கிய அல் போராக் விரைவு ரயில் தாஞ்சியரிலிருந்து காசாபிளாங்காவுக்கு 2 மணி 10 நிமிடத்தில் போகிறது. பழைய நகரச் சந்துகளில் "பாலக்!" என்று பின்னால் குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள். சரக்கு ஏற்றிய கோவேறு கழுதை வருகிறது.

நேரமும் வழக்கமும்

வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு மேல் சூக்கில் பல கடைகள் அடைத்திருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் கடைநேரம் குறையும். தெருவில் நின்று சாப்பிடுவது, குடிப்பது தவிர்க்க வேண்டியவை. 2018 முதல் அந்நாட்டு நேரம் நம் நேரத்துக்கு நாலரை மணி பின்னால்; ரமலான் மாதத்தில் மட்டும் கடிகாரத்தைத் திருப்புவதால் ஐந்தரை மணி பின்னால். விமான நேரத்தில் இதைக் கவனிக்க வேண்டும். கிராமப்புறத்தில் வாரச் சந்தைகள் உண்டு. சூக் எல் அர்பா என்றால் புதன் சந்தை. கெமிஸ் என்றால் வியாழன். ஊர்ப் பெயரிலேயே சந்தை நாள் இருக்கும்.

மசூதிகளுக்குள் மற்ற மதத்தவருக்கு அனுமதி இல்லை. காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் மசூதியில் மட்டும் குறித்த நேரத்தில் வழிகாட்டியுடன் பார்க்கலாம். காவலர், ராணுவம், அரசுக் கட்டிடம் ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பொட்டலம் எதையும் கையில் வாங்கக் கூடாது. நகரில் காவல்துறைக்கு 19, நகருக்கு வெளியே 177, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 15. பாஸ்போர்ட் தொலைந்தால் ரபாத்திலுள்ள நம் தூதரகத்தை நாட வேண்டும். நகல் ஒன்று தனியாக இருந்தால் வேலை எளிது.

நிறைவாக

மேலே சொன்னவற்றில் மூன்றை மட்டுமாவது நினைவில் வைத்தால் போதும் என்போம். தொகை கேட்டதும் திர்ஹமா ரியாலா என்று தெளிவு செய்வது. வாங்கும் எண்ணமின்றி விலை சொல்லாதிருப்பது. நடுவில் வருபவருக்குக் கூலி பேசாமல் பின்னால் போகாதிருப்பது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலான சச்சரவுகள் வராது.

இன்னொன்றும் உண்டு. பேரத்தில் கடைசி இரண்டு திர்ஹத்துக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டுவது நம் தொழிலுக்கு அழகல்ல. எதிரே நிற்பவரும் வாடகை கட்டுகிறார், சரக்குக்குக் கடன் வைத்திருக்கிறார், சாயங்காலம் கல்லாவை எண்ணிப் பார்க்கிறார். நியாயமான விலை என்று மனதுக்குப் பட்டதும் "சாஃபி" என்று சொல்லிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.